அம்பு இல்லையென்றால் நேராக

ஆர்லெத்துக்குப் பயம் கூடப்பிறந்தது. இடி இடித்தால் பயம், நாய் குரைத்தால் பயம், ஏணியைப் பார்த்தாலே பயம். செந்-ஒப்ரென் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டே வயதானவள். ஓய்வு பெற்ற நாள்வரை, அடுப்பைப் பற்றவைக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். எங்கள் சிற்றூர் லெ மசோவில் நாங்கள் எல்லோருமே இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவள் இருக்கும்போதே சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவளும் சேர்ந்துதான் சிரிப்பாள்.

அவளுக்கு வாய்த்தவனோ பயம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள். ஜில்பேர் மர அறுவை ஆலையில் வேலை பார்த்தான். வாரம் முழுக்க ரம்பத்தின் இரைச்சல். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு சத்தமே இல்லாத சாலைகளைத் தேடிப் போய்விடுவான். எங்கள் க்ரோஸ் மாவட்டத்துச் சின்னச் சாலைகளில் அவன் சக்கரம் படாதது ஒன்றும் கிடையாது. நல்ல சாலைக்கு அவன் வைத்திருந்த இலக்கணமே தனி. தாருக்கு நடுவில் புல் முளைத்திருக்க வேண்டும், கோழி ஒன்று சாவகாசமாகப் படுத்திருக்க வேண்டும். காலையிலிருந்து ஒரு கார் எதிரே வந்துவிட்டால் போதும், இன்றைக்கு என்ன இவ்வளவு கூட்டம் என்று அலுத்துக்கொள்வான்.

செந்-ஒப்ரென் சைக்கிள் சங்கம் உயிரோடு இருந்த காலத்தில் அம்பு வைப்பது அவன் பொறுப்பு. வசந்தத்தில் வருடத்துக்கு ஒருமுறை சங்கம் நடத்தும் பெரிய சவாரிக்கு எந்தெந்தச் சாலை என்று தேர்ந்தெடுப்பவன் அவன். முதல் நாளே மஞ்சள் அட்டை அம்புகளையும் ஸ்டேப்ளரையும் எடுத்துக்கொண்டு போய், திருப்பத்துக்குத் திருப்பம் மின்கம்பத்திலோ வேலிக் கட்டையிலோ அடித்துவிட்டு வருவான். காலையில் கிளம்புமுன் பெஞ்சின்மேல் ஏறி நின்று எல்லோருக்கும் சட்டத்தைச் சொல்வான். அம்பு இருந்தால் அம்பு காட்டும் பக்கம். அம்பு இல்லையென்றால் நேராக. சாலை கவட்டையாகப் பிரிந்து எது நேர் என்று தெரியாவிட்டால், எது பெரியதோ அதுதான் நேர். வருடா வருடம் இதையே கேட்டுக் கேட்டு, ஆட்கள் அவன் வாயைத் திறக்குமுன்பே கோரஸாகச் சொல்லிக் கேலி செய்வார்கள். அவன் விடமாட்டான், முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்குவான்.

பிறகு இளைஞர்கள் லிமோஜ் நகரத்துக்குப் போய்விட்டார்கள், இருந்தவர்களுக்கு முழங்கால் போய்விட்டது, சங்கத்தை இழுத்து மூடினார்கள். மிச்சமிருந்த அம்புகள் பெட்டி பெட்டியாக ஜில்பேரின் வண்டிக் கொட்டகையில் தங்கிவிட்டன.

அதற்கப்புறம்தான் அவனுக்கு ஞாபகம் நழுவ ஆரம்பித்தது. முதலில் பெயர்கள் போயின. அப்புறம் கிழமைகள். ஒருநாள் டவுன் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியோடு ஆர்லெத்திடமே வந்து, மேடம், கடுகு சாஸ் எந்த வரிசையில் இருக்கிறது என்று மிகவும் மரியாதையாகக் கேட்டான். அவள் காட்டினாள். நன்றி சொல்லிவிட்டுப் போனான். ஆர்லெத் உறைந்த மீன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியதும், ஆர்லெத், சூப் என்ன சூப் என்றான். வீட்டில் அவளை அவனுக்குத் தெரியும், வெளியில்தான் சில சமயம் தெரியாது. டாக்டர் இதைக் கேட்டுவிட்டு, பழகினதை மாற்றாதீர்கள் என்றார். லிமோஜில் இருக்கும் மகள் கொரின் சைக்கிளைப் பிடுங்கி வை என்றாள்.

"அப்பாவுக்கு ரோட்டுல ஏதாவது ஆச்சுன்னா நான் உன்ன மன்னிக்கவே மாட்டேம்மா. இப்பவே சொல்லிட்டேன்."

மகள் வாங்கிக் கொடுத்த கைபேசியை அவன் ஒரு வாரம்கூட வைத்திருக்கவில்லை. அது மாட்டுக்காரி எவ்லினுடைய வேலியில் தொங்கிக்கொண்டு மணியடித்தது. ஆர்லெத் ஒருதரம் மகள் சொன்னபடியே சைக்கிளை ஒளித்துவைத்துப் பார்த்தாள். அவன் திட்டவில்லை, கேட்கவுமில்லை. கொட்டகைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தான். சூப்பைத் தொடவில்லை. தாய்ப் பசுவை விற்றுவிட்ட கன்று தொழுவத்தில் அப்படித்தான் நடக்கும். மூன்றாம் நாள் அவள் மனசு கேட்காமல் சைக்கிளை எடுத்து வெளியே சாத்தினாள்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் புரண்டவளுக்குத்தான் அம்பு ஞாபகம் வந்தது. விடிந்ததும் காரில் போய், ஜில்பேருக்கு மிகப் பிடித்த வழியில், கோழி படுக்கிற சாலைகளாகவே பார்த்து, ஒரு சுற்று முழுக்க மஞ்சள் அம்பு அடித்தாள். லெ மசோவில் கிளம்பி, இரும்புச் சிலுவைத் திருப்பம், குளத்துக்கரை, குன்றுமேல் சின்னத் தேவாலயம், அங்கிருந்து வலது பக்கம் இறங்கிப் பீச் மரக்காடு வழியாக மறுபடியும் வீடு. அவன் கிளம்பினான், அம்பு பிடித்துப் போனான், மத்தியானச் சூப்புக்குச் சரியாக வந்து சேர்ந்தான். வழியெல்லாம் நன்றாக அடையாளம் போட்டிருக்கிறார்கள் என்றான். யார் போட்டது என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அன்றுமுதல் சனிக்கிழமைதோறும் போய், மழையில் ஊறின அம்புகளை மாற்றிவிட்டு வருவாள். அவன் திரும்பி வரும்வரை ஜன்னலை விட்டு நகரமாட்டாள். ஆனால் வந்துவிடுவான்.

அவளுடைய பயங்களுக்கெல்லாம் ராஜா ஒன்று உண்டு. அது பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு தடம், ஸ்பெயினிலிருந்து ஜெர்மனிக்கும் ஜெர்மனியிலிருந்து ஸ்பெயினுக்கும் லாரிகள். காற்று அந்தப் பக்கம் வீசினால் லெ மசோவரைக்கும் இரைச்சல் கேட்கும். கொரின் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆர்லெத் ஒருநாள் காரை வழி தவறி அதில் ஏற்றிவிட்டாள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்ததும் ஓரமாக நிறுத்தினவள்தான், ஸ்டீயரிங்கை விட்டு விரலை எடுக்க முடியவில்லை, அழுகை நிற்கவில்லை. யாரோ ஆலைக்குத் தகவல் சொல்லி, ஜில்பேர் சைக்கிளில் வந்தான். காரை அவனே சின்னச் சாலைக்கு இறக்கிக் கொடுத்தான். பிறகு, என் பின்னாலேயே வா என்று சொல்லிவிட்டு முன்னால் சைக்கிளில் போக, அவள் சைக்கிள் வேகத்திலேயே காரை உருட்டிக்கொண்டு வீடு வந்தாள். அன்றிலிருந்து அந்தச் சாலைப் பக்கம் அவள் தலை வைத்தும் படுத்ததில்லை. டவுனுக்குப் போகக்கூட ஊரைச் சுற்றித்தான் போவாள்.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அன்று காலை அவள் காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போது வாசலில் சைக்கிள்கள் வரிசையாகப் போயின. சிவப்பும் பச்சையுமாக உடுப்பு, பேச்சு, சிரிப்பு. ரொட்டிக் கடைக் கதவில் ஒட்டியிருந்த தாள் அவளுக்கு ஞாபகம் வந்தது, பக்கத்து வால்மோரென் சங்கத்தின் சவாரி. வழக்கமாக ஆற்றுக்கு அந்தக் கரையில்தான் போவார்கள், இந்த வருடம் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள் போல. ஜில்பேர் வேலியோரம் நின்று ஒவ்வொருவருக்கும் கை காட்டினான். முகமெல்லாம் பல். பழைய நீல உடுப்பை மாட்டிக்கொண்டு அவனும் அவர்கள் பின்னாலேயே கிளம்பினான். ஆர்லெத்துக்கு ஒரு நிமிடம் சுருக்கென்றது. ஆனால் அவர்களும் குளத்துப் பக்கம்தான் போனார்கள், அவளுடைய அம்பும் அங்கேதான் காட்டும். இன்றைக்காவது துணையோடு போகிறானே என்று நினைத்தாள். பயந்தாங்கொள்ளி வாழ்க்கையில் ஒருநாள் நிம்மதியாக உட்கார்ந்து பட்டாணி உரித்தாள். பாவி மனுஷிக்கு அதுகூடக் கொடுத்துவைக்கவில்லை பாருங்கள்.

மத்தியான மணி அடித்தது. சூப் ஆறியது. அவள் வாசலுக்கு வந்தாள், உள்ளே போனாள், மறுபடி வந்தாள். பட்டாணித் தோலை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, எதற்கு அங்கே வந்தோம் என்று தெரியாமல் நின்றாள். அப்புறம் கார்ச் சாவியை எடுத்தாள்.

இரும்புச் சிலுவைத் திருப்பத்தில் அவளுடைய அம்பு இல்லை. கம்பத்தில் ஸ்டேப்ளர் முள் இரண்டு மட்டும் பளபளத்தது. காற்றில் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காற்றே இல்லை. குளத்துக்கரைத் திருப்பத்திலும் இல்லை. காரை நிறுத்தி, கீழே புல்லில் கிடக்கிறதா என்று கையாலேயே துழாவினாள். அங்கே வேலி கட்டிக்கொண்டிருந்த எவ்லின், என்ன தேடுகிறாய் என்று கேட்டாள்.

ஜில்பேர் எப்போதோ போய்விட்டான் என்றாள் எவ்லின். கூட்டம் போனது, அவன் போனான், கொஞ்சம் கழித்து ஒரு வெள்ளை வேன் நின்று நின்று போனது.

"கம்பத்துல இருந்ததெல்லாம் பிச்சிக்கிட்டுப் போனானுங்க. நல்ல பிள்ளைங்க. இந்தக் காலத்துல யாரு இப்படிச் சுத்தம் பண்ணிட்டுப் போறா?"

ஆர்லெத் காருக்குத் திரும்பி ஓடினாள். சங்கத்துக்காரர்களின் வழக்கம் அவளுக்குத் தெரியாதா? கடைசி ஆள் கடந்ததும் ஒரு வண்டி பின்னாலேயே வந்து அம்புகளையெல்லாம் எடுத்துவிடும். ஜில்பேர் சங்கத்திலும் அப்படித்தான். ஒரு அட்டை விட்டுப்போனாலும் நகரசபைத் தலைவர் அடுத்த வருடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அவர்கள் அம்பும் மஞ்சள், இவள் அம்பும் மஞ்சள்.

வேனை அவள் தேவாலயத்துக்குக் கீழேயே எதிரில் பிடித்துவிட்டாள். சாலை நடுவில் காரைக் குறுக்கே நிறுத்தினாள், வாழ்நாளில் செய்யாத காரியம். ஓட்டிவந்தவன் செத்ரிக் என்று ஒருவன், நாற்பது வயது இருக்கும், தொப்பையும் சிரித்த முகமுமாக. பின்கதவைத் திறந்து காட்டினான். உள்ளே மஞ்சள் அம்புகள் மலைபோல் கிடந்தன. அவளுடையவையும் இருந்தன. ஓரத்தில் செந்-ஒப்ரென் முத்திரை மங்கலாகத் தெரிந்தது.

"ஒண்ணுகூட விடல மேடம்," என்றான் பெருமையாக. "நேத்து நாங்க அம்பு அடிக்க வந்தப்பவே சில இடத்துல இருந்துச்சு. நம்ம பசங்கதான் முன்னாடியே வச்சிருக்காங்கன்னு நினைச்சோம். எல்லாத்தையும் எடுத்துட்டோம், ஒரு குப்பை கிடக்காது."

அவள் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. மறதிக்காரப் புருஷன், நீல உடுப்பு, அம்பைப் பிடித்துத்தான் வீடு வருவான். செத்ரிக்கின் சிரிப்பு அப்படியே இறங்கிப்போயிற்று. நீல உடுப்புப் பெரியவரா என்றான். தேவாலயத்து வாசலில் சங்கம் போட்டிருந்த சாப்பாட்டு மேசையில் அவர் இருந்தாராம். உருளைக்கிழங்கு அப்பம் இரண்டு துண்டு சாப்பிட்டாராம். நடுவில் புல் முளைத்த சாலைகளைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல எல்லோரும் சிரித்தார்களாம். சவாரிக்கு வந்தவர்தான் என்று நினைத்து இரண்டாவது கோப்பைக் காப்பியும் கொடுத்துவிட்டு, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இவர்கள் வேனை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். முன்னால் இருந்த அம்புகளையெல்லாம் எடுத்துக்கொண்டே போய், இப்போதுதான் திரும்பி வருகிறார்கள்.

போலீசுக்குப் போன் செய்கிறேன், காட்டுப் பக்கம் போய்ப் பார்க்கிறேன் என்றான் செத்ரிக். அவனைத் திட்ட அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, நேரம்தான் இல்லை. வேனுக்குள் கையை விட்டு ஒரு கட்டு அம்பையும் அவனுடைய ஸ்டேப்ளரையும் எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

தேவாலயத்து வாசலில் யாரும் இல்லை. மேசை இருந்த இடத்தில் அப்பத் துணுக்குகளைக் குருவிகள் பொறுக்கிக்கொண்டிருந்தன. அதற்கு அடுத்த திருப்பத்தில்தான் வலது பக்கம் காட்டும் அவளுடைய அம்பு இருக்க வேண்டும். கம்பம் மொட்டையாக நின்றது. வலது பக்கம் போனால் காடு, காடு தாண்டினால் வீடு. அவள் வண்டியை நிறுத்திவிட்டு, வலது பக்கத்தையே பார்த்தாள். அங்கே போகத்தான் மனசு இழுத்தது. ஆனால் அவன் அங்கே போயிருக்கமாட்டான். பெயர் மறந்தது, கிழமை மறந்தது, பெண்டாட்டி முகம் மறந்தது. பெஞ்சின்மேல் ஏறி நின்று முப்பது வருடம் சொன்னதை மட்டும் அவன் மறக்கமாட்டான்.

அம்பு இல்லையென்றால் நேராக. அவள் நேராகப் போனாள்.

அடுத்த நாற்சந்தியிலும் நேராக. அதற்கடுத்தது கவட்டை. இடது பக்கம் புல் முளைத்த சாலை, அவன் உயிரை விடுகிற சாலை. வலது பக்கம் நடுக்கோடு போட்ட பெரிய சாலை. எது பெரியதோ அதுதான் நேர். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் பெரியதையே பிடித்துப் போனால் எங்கே போய் நிற்கும்? இன்னும் பெரியதில். அதிலிருந்து அதைவிடப் பெரியதில். வாழ்நாள் முழுக்கச் சின்னச் சாலையைத் தேடினவன், தானே போட்ட சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

கண்ணாடியை இறக்கினாள். லாரிகளின் இரைச்சல் கேட்டது. ஏற்றியும் பார்த்தாள், அப்போதும் கேட்டது. சாலை இறக்கமாகச் சரிந்தது. சைக்கிளுக்கு இந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்குமா? பிரேக்கைப் பார்த்து எத்தனை நாளாயிற்று? கொரின் சொன்னது காதுக்குள்ளேயே ஒலித்தது. கடவுளே, அவன் உயிரோடு கிடைத்தால் போதும், இன்றைக்கே அந்தச் சைக்கிளைப் பூட்டிச் சாவியைக் குளத்தில் போட்டுவிடுகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னாள். வளைவில் பள்ளத்துக்குள் நீலமாக ஏதோ கிடந்தது. இறங்கி ஓடினாள், செருப்பு ஒன்று கழன்றது. அது மாட்டுத் தீவன மூட்டை, காலி. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பக் காரில் ஏறினாள்.

கீழே, நெடுஞ்சாலையில் ஏறும் சரிவின் தொடக்கத்தில், சைக்கிளுக்குத் தடை என்று சிவப்பு வட்டம் போட்ட பலகைக்குப் பக்கத்தில், ஒரு காலைத் தரையில் ஊன்றி ஜில்பேர் நின்றுகொண்டிருந்தான்.

உயிர் போய் உயிர் வந்தது என்பார்களே, வந்த உயிர் அவளுக்கு நிற்கவில்லை. இருபது அடி தள்ளி லாரிகள் பறந்தன. ஒவ்வொன்று போகும்போதும் அவனுடைய மெலிந்த உடம்பு ஒருமுறை ஆடி நின்றது. ஹாண்டில்பாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். எழுபத்தாறு வயதில் முதல்முறையாக ஜில்பேர் பயந்து நிற்பதை அவள் பார்த்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் கால் பரபரத்தது. திடீரென்று தொட்டால் அவன் உதறிக்கொண்டு ஓடுவான் என்று தெரிந்ததால், மெல்ல நடந்துபோய், ஜில்பேர் என்றாள்.

அவன் திரும்பினான். தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னான்.

"வணக்கம் மேடம். வழியில எங்கயாவது ஒரு பொம்பளையப் பார்த்தீங்களா? குட்டையா இருப்பா. நரைச்ச முடி."

சூப்பர் மார்க்கெட்டில் கேட்ட அதே குரல். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"என் பொண்டாட்டி. எனக்கு அம்பு வச்சுக் குடுக்கிறது அவதான். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா." அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "ஒருநாள்கூட விட்டதில்ல மேடம். இன்னிக்கு ஒரு அம்புகூட இல்ல. அவளுக்கு ஏதோ ஆயிடுச்சு."

ஆர்லெத் பலகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். உங்கள் மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை, காரில் ஏறுங்கள், கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். அவன் ஒப்பவில்லை. தெரியாதவர்கள் காரில் ஏறி இந்த இடத்தை விட்டுப் போய்விட்டால் அவள் தேடிவந்து ஏமாந்து போவாள் என்றான். அவள் ரொம்பப் பயந்த சுபாவம், இந்தச் சாலையென்றால் அவளுக்கு உயிரே போய்விடும், ஒருதரம் இங்கேதான் அழுதுகொண்டு நின்றாள் என்றான். அது மட்டும் அவனுக்கு நேற்று நடந்த மாதிரி ஞாபகம் இருந்தது. பிறகு சரிவின்மேலே, லாரிகள் போகும் பக்கம் பார்த்தான். ஊன்றியிருந்த கால் தரையைவிட்டு எழும்பியது.

"இனிமே நிக்க முடியாது. போய்ப் பார்க்கணும். அம்பு இல்லேன்னா நேராத்தான், அதான் சட்டம்."

அவள் கத்தவில்லை. காருக்கு எப்படி ஓடினாள், கட்டிலிருந்து எப்படி ஒரு அம்பை உருவினாள், ஒன்றும் அவளுக்கு நினைவில்லை. அவனுக்குப் பின்னால் இருந்த கம்பத்தில், வந்த வழியைக் காட்டும்படி அட்டையைப் பிடித்தாள். அவசரத்தில் முதல் முள் காற்றில் போயிற்று. இரண்டாவது பிடித்தது. டக்.

சரிவில் ஏற ஆரம்பித்திருந்த சைக்கிள் நின்றது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? திரும்பிப் பார்த்தான். மஞ்சள் அம்பு. அவன் முகத்தில் இருந்த பயமெல்லாம் வழித்தெடுத்தாற்போல் போய்விட்டது.

"பார்த்தீங்களா மேடம்? வந்துட்டா."

சைக்கிளைத் திருப்பினான், மிதித்தான், அவளைக் கடந்து மேட்டில் ஏறிப் போனான். அம்பு அடித்தவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் ஆர்லெத்துக்கு ஓய்வே இல்லை. காரில் அவனைக் கடந்து முன்னால் போவாள், திருப்பத்தில் குதித்து இறங்கி அம்பு அடிப்பாள், மறுபடியும் ஏறுவாள். கண்ணாடியில் நீலப் புள்ளி தெரிகிறவரை காத்திருப்பாள். ஒரு திருப்பத்தில் அவன் வரத் தாமதமாயிற்று. திரும்பிப் போய்விடலாமா என்று அவள் கியரில் கை வைத்தபோது, மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெதுவாக வந்தான், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு. வழியில் எதிர்ப்பட்ட செத்ரிக்குக்குக் கையால் சைகை காட்டினாள், பேசாதே, வா என்று. அந்தத் தொப்பைக்காரன் புரிந்துகொண்டான். ஜில்பேருக்குப் பின்னால் வேனை உருட்டிக்கொண்டே வந்தான், ஒரு அம்பையும் எடுக்காமல். இரும்புச் சிலுவையில் கடைசி அம்பை அடித்துவிட்டு அவள் வீட்டுக்குப் பறந்தாள். காரைக் கொட்டகைக்குள் தள்ளி, ஏப்ரனை மாட்டிக்கொண்டு, சூப்பை அடுப்பில் ஏற்றினாள். பற்றவைக்கும்போது முகத்தைத் திருப்ப மறந்துவிட்டாள்.

ஜில்பேர் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விட்டான்.

"ஆர்லெத், நீ இங்கதான் இருக்கியா? நல்லாத்தானே இருக்கே?"

நன்றாக இருக்கிறேன், உட்கார், சூப் ஆறுகிறது என்றாள். அவன் உட்கார்ந்து நாலு கரண்டி சாப்பிட்டான். பிறகு கரண்டியைக் கீழே வைத்தான்.

"வழியில ஒரு பொம்பளையப் பார்த்தேன். நல்ல பொம்பளைதான். ஆனா முகத்துல அவ்வளவு பயம். பாவம், அவளுக்கு வழி காட்ட யாருமில்ல போல."

ஆர்லெத் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டி முடித்து அவன் தட்டில் வைத்தாள். சாயங்காலம் கொரின் போன் செய்தபோது, அப்பா நன்றாகச் சாப்பிட்டார் என்று மட்டும் சொன்னாள். ராத்திரி கொட்டகைக்குப் போய், சத்தியம் செய்தபடியே சைக்கிளைப் பூட்டினாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு குளத்துக்கரைவரை நடந்தாள். அப்புறம் வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினாள்.

அடுத்த வாரம் லெ மசோவே வேலியோரம் வந்து நின்று பார்த்தது. கொரின் பிள்ளையாக இருந்தபோது ஓட்டின சிவப்புச் சைக்கிளில், ரோட்டுப் பணிக்காரர் போடுகிற மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு, எதிரே ஒரு கோழி வந்தால்கூட இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, ஆர்லெத் போனாள். அவளுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, நிதானமாக மிதித்துக்கொண்டு, ஜில்பேர். இப்போது தினமும் அப்படித்தான் போகிறார்கள். செத்ரிக் கொண்டுவந்து கொடுத்த புது அம்புகள் பிரிக்காமல் கொட்டகையில் கிடக்கின்றன.

ஒருநாள் எவ்லின் குளத்துக்கரையில் ஜில்பேரை நிறுத்தி, என்னய்யா, பெண்டாட்டியை முன்னால் விட்டுவிட்டுப் பின்னாலேயே போகிறாயே, பயமா என்று வம்புக்கு இழுத்தாள். அவன் முன்னால் போகிற மஞ்சள் சட்டையை விட்டுக் கண்ணை எடுக்காமல், குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அவ யாருன்னு எனக்குச் சரியாத் தெரியல எவ்லின். ஆனா ரொம்பப் பயந்த பொம்பளை. தனியா விடக்கூடாதுன்னுதான் நான் பின்னாலேயே போறேன்."